பாத்திரத்தைச் சுத்தமாக்குவது யார்?

பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்காக நடக்கும் காத்திருப்புக் கூட்டங்களில் வருடக்கணக்காக முன்வரிசையில் முழங்காலில் நின்று, ஒவ்வொரு முறையும் வெறுமையாக வீடு திரும்பி, 'ஆண்டவருக்கு என்னிடம் ஏதோ பிடிக்கவில்லை' என்று நம்பத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்த வரிசையில் நின்றவள். பின்னாளில் அதே வரிசையில் நின்ற பல பெண்களோடு உட்கார்ந்து ஜெபித்தவள். இரண்டு இடத்திலிருந்தும் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பாளையங்கோட்டையில், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில். பள்ளியில் படிக்கும்போது திடப்படுத்தல் எடுத்தேன். பேராயர் தலையில் கைவைத்து பரிசுத்த ஆவிக்காக ஜெபித்தார். அந்த வயதில் அதன் ஆழம் புரியவில்லை. கல்யாணமாகி சென்னைப் புறநகருக்கு வந்தபோது கணவர் வீட்டார் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் இருந்தார்கள். அங்கே அறிமுகமானவர்கள் எல்லாரும் பெயர் கேட்ட கையோடு கேட்டது, "அபிஷேகம் வாங்கியாச்சா சிஸ்டர்?" என்றுதான். பரிசுத்த ஆவியால் நிரப்பப்படுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். இல்லை என்றதும் முகத்தில் ஒரு பரிதாபம் தெரியும். அதில் பொய் இருக்காது. எனக்கும் கிடைக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினார்கள்.

அதற்கான வழியையும் சொன்னார்கள். முதலில் கம்மலும் வளையலும் போக வேண்டும். பிறகு தாலிச்சங்கிலி. அதைக் கழற்றிய விஷயம் தெரிந்து என் அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அப்பா போனில் சொன்னார். பூ வைக்கக்கூடாது, பளிச்சென்ற சேலை கூடாது, வீட்டில் டிவி கூடாது. உபவாசம் இருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து செய்த பாவங்களை ஒன்றுவிடாமல் நினைத்துப் பார்த்து அறிக்கையிட வேண்டும். எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: "பாத்திரம் சுத்தமா இருந்தாத்தான் ஆண்டவர் நிரப்புவார்."

கூட்டம் எப்படி நடக்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று வேகமாகச் சொல்லச் சொல்வார்கள். ஊழியர் வந்து தலையில் கைவைப்பார். பக்கத்தில் இருப்பவள் அந்நியபாஷையில், அதாவது அபிஷேகத்தின் அடையாளமாகக் கருதப்படும் புரியாத மொழியில், பேசத் தொடங்குவாள். நமக்கு வராது. "தடை என்னன்னு ஆராய்ஞ்சு பாரும்மா" என்பார்கள். வீட்டுக்கு வந்து ஆராய்வோம். ஆராய ஆராய ஏதாவது ஒன்று கிடைக்கும், ஏனென்றால் மனித மனதில் தேடினால் குறை இல்லாமல் போகாது. அதையும் சரிசெய்து அடுத்த மாதம் போவோம்.

அங்கே நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்மலைக் கழற்றிய அன்றே அபிஷேகம் பெற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை எழுந்து சாட்சி சொல்வார்கள். அது உண்மையான சாட்சிதான். ஆனால் கம்மலைக் கழற்றியும் பெறாதவர்களுக்குச் சாட்சி நேரம் கிடையாது. கழற்றாமலே வேறொரு சபையில் பெற்றவர்களின் சாட்சியும் அங்கே வராது. ஒரே விதமான கதையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், நகைக்கும் ஆவியானவருக்கும் நடுவே ஒரு சட்டம் இருப்பதாகத்தான் யாருக்கும் தோன்றும்.

எங்கள் வியாழக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஒரு பெரியம்மா இருந்தார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஒரு வாரம் செய்தி கொடுக்க வேண்டியவர் வராததால், "கலாத்தியர் நிருபத்தை ஒரே மூச்சில சத்தமா வாசிச்சிடுவோம்" என்றார். அப்போஸ்தலனாகிய பவுல் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு எழுதிய கடிதம் அது. ஆறு அதிகாரம், 149 வசனம். நிதானமாக வாசித்தாலும் அரைமணி நேரம்தான். நாங்கள் எல்லாரும் அந்த நிருபத்திலிருந்து தனித்தனி வசனங்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள். முழுதாகக் கேட்டது அன்றுதான்.

கலாத்தியா இன்றைய துருக்கியில் இருக்கிறது. அப்போஸ்தலர் 13, 14 அதிகாரங்களில் பவுல் போன பிசீதியாவைச் சேர்ந்த அந்தியோகியா, இக்கோனியா, லீஸ்திரா, தெர்பை ஆகிய ஊர்களின் சபைகளுக்குத்தான் இந்த நிருபம் என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். பவுல் போனபின் அங்கே வேறு போதகர்கள் வந்தார்கள். அவர்கள் இயேசுவை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. இயேசுவை விசுவாசிப்பதோடு விருத்தசேதனமும் (ஆண்களுக்கு நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) வேண்டும், விசேஷ நாட்களையும் மாதங்களையும் கைக்கொள்ள வேண்டும் என்றார்கள். அவர்கள் கையிலும் வேதம் இருந்தது. ஆதியாகமம் 17-ல் விருத்தசேதனத்தை நித்திய உடன்படிக்கை என்று தேவனே சொல்லியிருக்கிறாரே! புதிதாக விசுவாசத்துக்கு வந்த ஒரு கலாத்தியனால் இதற்கு என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? வசனம் காட்டி, நல்ல எண்ணத்தோடு, பக்தியுள்ள ஆட்கள் சொன்னால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள்.

பவுல் அவர்களிடம் முதலில் ஒரு கேள்வி கேட்கிறார். "ஒன்றைமாத்திரம் உங்களிடத்தில் அறிய விரும்புகிறேன், நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினாலேயோ, விசுவாசக்கேள்வியினாலேயோ, எதினாலே ஆவியைப் பெற்றீர்கள்?" நியாயப்பிரமாணம் என்பது மோசே மூலம் வந்த சட்டம்; விசுவாசக்கேள்வி என்பது கேட்டு விசுவாசிப்பது. வாதம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. உங்களுக்கு நடந்ததை நீங்களே நினைத்துப் பாருங்கள் என்கிறார். அவர்கள் ஆவியைப் பெற்றபோது விருத்தசேதனம் இல்லை, பண்டிகைக் கணக்கு இல்லை. சிலுவையில் அறையப்பட்ட இயேசுவைப் பற்றிக் கேட்டார்கள், நம்பினார்கள், பெற்றார்கள். நடந்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆபிரகாமிடம் போகிறார். ஆபிரகாம் விசுவாசித்து நீதிமானாக எண்ணப்பட்டது ஆதியாகமம் 15-ல், விருத்தசேதனம் வந்தது 17-ல். நியாயப்பிரமாணமோ வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷம் கழித்து வந்தது. பின்னால் வந்தது முன்னால் கொடுக்கப்பட்டதை எப்படித் தள்ளிப்போடும் என்று கேட்கிறார்.

வாசித்து முடித்ததும் பெரியம்மா பவுலின் கேள்வியை எங்களிடமே திருப்பினார். "நீங்க எதைக் கேட்டு விசுவாசிச்சீங்க? ஒவ்வொருத்தரும் சொல்லுங்க."

எனக்கு ஒரு பெரிய வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. பாளையங்கோட்டையில், மூன்று மணி நேர ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானித்துக்கொண்டிருந்தார்கள். 'முடிந்தது' என்ற வார்த்தைக்கு வந்தபோது, இது எனக்காக என்று முதல்முறையாக மனதில் பட்டு அழுதேன். என் ஜெபம் அன்றிலிருந்து மாறியது. அதுவரை புத்தகத்தில் இருந்த ஜெபத்தைச் சொன்னவள் அதற்குப் பிறகு "அப்பா" என்று பேச ஆரம்பித்தேன். கலாத்தியர் 4:6 இதைத்தான் சொல்கிறது: நாம் பிள்ளைகளாக இருப்பதால், 'அப்பா, பிதாவே' என்று கூப்பிடும்படி தேவன் தம் குமாரனுடைய ஆவியை நம் இருதயத்தில் அனுப்பினார். ஆவியானவர் வாசலுக்கு வெளியே என் நகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று இத்தனை காலம் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர் எனக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

இரட்சிக்கப்படும்போது ஆவியானவர் உள்ளே வருவது வேறு, அபிஷேகம் வேறு என்று பெந்தெகொஸ்தே சபைகளில் சொல்வார்கள். அந்த விவாதத்துக்கு நான் இங்கே போகவில்லை. வேறாகவே இருக்கட்டும். கலாத்தியர் 3:5-ல் பவுல் அதே கேள்வியை மறுபடி கேட்கிறார், இந்த முறை நடந்து முடிந்ததைப் பற்றி இல்லை. ஆவியை அளித்து அற்புதங்களை நடப்பிக்கிறவர் அதை எதினாலே செய்கிறார் என்று கேட்கிறார். முதல்முறை பெறுவதற்கும், தொடர்ந்து பெறுவதற்கும் வழி ஒன்றுதான். ஆரம்பத்துக்கு விசுவாசம், அபிஷேகத்துக்கு விதிமுறைகள் என்று பிரித்து வைக்க அந்த நிருபத்தில் இடமே இல்லை.

இது புத்தகத்தில் படித்ததாகவே நின்றிருக்கும், எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருந்த ஒரு பெண் எங்கள் கூட்டத்துக்கு வராமல் இருந்திருந்தால். மகனுக்கு உடம்பு சரியில்லை என்று ஜெபிக்கக் கூப்பிட்டார். அதன்பின் வியாழக்கிழமைகளில் அவரே வந்து கதவோரம் உட்காருவார். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, தலையில் பூ. ஞானஸ்நானம் என்ற வார்த்தையே அவருக்குத் தெரியாது. ஒருநாள் பெரியம்மா இளைய குமாரன் உவமையைச் சொல்லி, தூரத்தில் வரும்போதே அப்பா ஓடிவந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபிக்கலாம் என்று யாரும் சொல்லக்கூட இல்லை. அந்தப் பெண் அழுதார். பிறகு கையை உயர்த்தி எங்களுக்குப் புரியாத பாஷையில் பேச ஆரம்பித்தார். எங்கள் கூட்டங்களில் அப்படிப் பேசுவதை அதற்கு முன் அவர் கேட்டதுகூட இல்லை. முடிந்தபின் என்ன ஆயிற்று என்று கேட்டோம். "அவர் என்னைப் பார்த்துட்டே ஓடி வந்தாரு அக்கா" என்றார், வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை மூப்பர்களுக்கு விஷயம் போனது. பொட்டு வைத்தவள், ஞானஸ்நானம் எடுக்காதவள், இது தேவனுடையதாக இருக்காது என்றார்கள். பெரியம்மா அப்போஸ்தலர் 10-ஐத் திறந்து வாசித்தார். செசரியாவில் ஒரு ரோமப் படை அதிகாரியின் வீடு. விருத்தசேதனம் இல்லாத குடும்பம். பேதுரு இன்னும் பிரசங்கத்தை முடிக்கவில்லை. "இந்த வார்த்தைகளைப் பேதுரு பேசிக்கொண்டிருக்கையில் வசனத்தைக் கேட்டவர்கள் யாவர்மேலும் பரிசுத்த ஆவியானவர் இறங்கினார்." கூட வந்த யூத விசுவாசிகள் பிரமித்துப்போனார்கள். ஞானஸ்நானமே அதற்குப் பிறகுதான் நடந்தது. ஒரு மூப்பர் அந்த அதிகாரத்தை வீட்டில் போய் மறுபடி வாசித்துவிட்டு வந்து அந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நான ஆயத்த வகுப்பை அவரே நடத்தினார். இன்னொருவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. நாங்களும் அவரோடு சண்டை போடவில்லை.

சரி, 'பாத்திரம் சுத்தமாக இருந்தால்தான்' என்பதற்கு என்ன பதில்? இதே பேதுரு சொன்ன பதில் இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 49-ல் அப்போஸ்தலரும் மூப்பரும் எருசலேமில் கூடியபோது (அப்போஸ்தலர் 15), புறஜாதியாரை நியாயப்பிரமாணத்துக்கு உட்படுத்த வேண்டுமா என்று பெரிய தர்க்கம் நடந்தபோது, பேதுரு எழுந்து செசரியாவில் நடந்ததைச் சொல்கிறார். தேவன் நமக்குக் கொடுத்ததுபோல அவர்களுக்கும் ஆவியைக் கொடுத்தார், "விசுவாசத்தினாலே அவர்கள் இருதயங்களை அவர் சுத்தமாக்கி, நமக்கும் அவர்களுக்கும் யாதொரு வித்தியாசமுமிராதபடி செய்தார்" என்கிறார். பாத்திரம் சுத்தமாக வேண்டும், மறுக்கவில்லை. சுத்தமாக்குகிறவர் தேவன், அதுவும் விசுவாசத்தினாலே. நாம் வருடக்கணக்காகத் தேய்த்துக்கொண்டிருந்த வேலை நம்முடைய வேலையே இல்லை.

இதற்கு எதிராக அடிக்கடி காட்டப்படும் வசனம் அப்போஸ்தலர் 5:32. தேவன் தமக்குக் கீழ்ப்படிகிறவர்களுக்குப் பரிசுத்த ஆவியைத் தருகிறார் என்று அங்கே இருக்கிறது. முன்னும் பின்னும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். இயேசுவின் நாமத்தில் போதிக்கக்கூடாது என்று யூதரின் ஆலோசனைச் சங்கம் கட்டளையிட்டிருக்கிறது. மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிட தேவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அப்போஸ்தலர் சொல்கிறார்கள். இயேசுவை அதிபதியும் இரட்சகருமாக ஏற்பதும் அவருக்குச் சாட்சியாக நிற்பதும்தான் அந்தக் கீழ்ப்படிதல். உடையைப் பற்றியோ உணவைப் பற்றியோ அங்கே பேச்சே இல்லை. 'காத்திருங்கள்' என்ற கட்டளையும் பெந்தெகொஸ்தே நாளுக்கு முன் எருசலேமில் இருந்த சீஷர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அப்போஸ்தலர் 8-ல், சமாரியாவில் விசுவாசித்தவர்கள் ஆவியைப் பெறுவதில் தாமதம் இருந்தது உண்மைதான். ஆனால் பேதுருவும் யோவானும் வந்து ஜெபித்துக் கைவைத்தார்கள், பெற்றார்கள். யாருடைய தகுதியையும் ஆராய்ந்ததாக லூக்கா எழுதவில்லை. அங்கே கடிந்துகொள்ளப்பட்ட ஒரே ஆள் சீமோன். அவன் அந்த வரத்தைப் பணம் கொடுத்து வாங்கப் பார்த்தவன். கம்மலைக் கொடுத்து வாங்கப் பார்ப்பதும் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும் என்று எனக்கு ஒரு பயம் உண்டு.

இந்தப் போராட்டம் நம் சபைகளில் மட்டும் நடப்பது இல்லை. 1906-ல் லாஸ் ஏஞ்சலஸ் அசூசா தெருவில் எழுப்புதலை (பலர் ஒன்றாக விசுவாசத்தில் புத்துயிர் பெறும் இயக்கத்தை) நடத்திய வில்லியம் சீமோர், பரிசுத்த இயக்கத்தின் (Holiness movement) போதனையை ஏற்றவர். முதலில் இரட்சிப்பு, அடுத்து முழுப் பரிசுத்தம், அதற்கும் அடுத்துதான் ஆவியின் அபிஷேகம் என்று போதித்தார். நாலைந்து வருடத்துக்குள் சிகாகோவின் வில்லியம் டர்ஹாம் இதை எதிர்த்தார். கிறிஸ்து சிலுவையில் முடித்த வேலையே போதும், அபிஷேகத்துக்கு முன் இன்னொரு படி தேவையில்லை என்றார். அதனால் பெந்தெகொஸ்தேக்காரர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 1914-ல் உருவான அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபைப்பிரிவு டர்ஹாம் பக்கம் சாய்ந்தது. அசூசாவுக்கு 46 வருடம் முன்பே, 1860-ல், நம் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் ஊழியத்தில் எழுப்புதல் வந்தது. பாவ உணர்வால் அழுதார்கள், அந்நியபாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள் என்று பதிவாகியிருக்கிறது. இன்றைய எந்தப் பெந்தெகொஸ்தே சபையின் விதிப்பட்டியலும் அப்போது பிறக்கவில்லை.

இப்போது எங்கள் கூட்டத்தில் நாங்கள் எப்படி ஜெபிக்கிறோம் என்று சொல்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அபிஷேகத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒருவர் வந்தால் முதலில் அவரைப் பேச விடுகிறோம். எத்தனை காத்திருப்புக் கூட்டத்துக்குப் போனார், என்னென்ன சொல்லப்பட்டது என்று கேட்டாலே பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். அப்புறம் சிலுவையைப் பற்றியே பேசுகிறோம், அல்லது லூக்கா 11:13 வாசிக்கிறோம். பரமபிதா தம்மிடம் கேட்கிறவர்களுக்குப் பரிசுத்த ஆவியைக் கொடுப்பது அதிக நிச்சயம் என்று இயேசுவே சொன்ன இடம் அது. கேட்கிறவர்களுக்கு என்றுதான் இருக்கிறது. "தடை என்ன?" என்ற கேள்வியை எங்கள் வாயிலிருந்து எடுத்துவிட்டோம். தலையைப் பிடித்து அழுத்துவது, வேகமாகச் சொல்லச் சொல்வது, நாங்கள் சொல்லும் சத்தத்தைத் திருப்பிச் சொல்ல வைப்பது எதுவும் கிடையாது. அந்நியபாஷை வந்தால் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறோம். வராவிட்டால் 'நீ பெறவில்லை' என்று யாரையும் அனுப்புவதில்லை. எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா என்று பவுல் கொரிந்தியரிடம் கேட்டது எங்களுக்குப் போதும்.

அப்படியானால் பாவம் பரவாயில்லையா என்று கேட்பார்கள். இல்லவே இல்லை. ஏமாற்றிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் வரி வசூலிப்பவனான சகேயுவைப் பாருங்கள். ஏமாற்றியதை நாலு மடங்காகத் திரும்பக் கொடுத்தால் வீட்டுக்கு வருகிறேன் என்று இயேசு சொல்லவில்லை. அவர் முதலில் வீட்டுக்கு வந்தார், அதன்பின் சகேயு எழுந்து நின்று அந்த வார்த்தையைச் சொன்னான். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை எல்லாம் ஆவியின் கனி என்றுதான் கலாத்தியர் 5 சொல்கிறது. கனி முதலில் வந்து மரம் பிறகு முளைப்பதில்லை. விதிகளை மட்டும் இறுக்கிப் பிடிக்கிற இடங்களில் அதே அதிகாரம் சொல்லும் மாம்சத்தின் கிரியைகள், அதாவது விரோதமும் வாக்குவாதமும் பொறாமையும், யார் கம்மல் போட்டிருக்கிறாள் என்று பார்ப்பதிலேயே வளர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நகை போடாதவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என் மாமியார் வளையல்களை விற்று ஒரு ஏழைப் பெண்ணின் நர்சிங் படிப்புக்குக் கொடுத்தவர். அவருடைய வெறும் கை எனக்கு மரியாதைக்குரியது. அதை அவர் அபிஷேகம் வாங்கச் செய்யவில்லை, அன்பினால் செய்தார். நான் தாலிச்சங்கிலியை மறுபடி போட்டுக்கொண்டேன், கணவரே எடுத்துக் கொடுத்தார். அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். கம்மல் போடவில்லை, போடாமலே பழகிவிட்டது. இஸ்திரி வண்டி அக்கா கொஞ்ச நாளில் பொட்டு வைப்பதைத் தானாகவே விட்டார். பூ வைப்பதை விடவில்லை. இரண்டைப் பற்றியும் நாங்கள் அவரிடம் பேசியதில்லை.

உபவாச ஜெபம் எங்களுக்கு இன்றும் உண்டு. பசியோடு ஜெபிப்பதில் ஒரு கவனம் வருகிறது, அதை நான் நேசிக்கிறேன். காலையில் வேலைக்குப் போகும்முன் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களையும் அதே வட்டத்தில்தான் உட்கார வைக்கிறோம். சாப்பிட்டாயா என்று கேட்பது, கூட்டம் முடிந்து இட்லி பரிமாறும்போது மட்டும்தான்.